வணிகக் கூட்டணியை விட்டு விலகினால் கார் மலிவாகுமா? பிரிட்டனைப் பார்த்து எழுந்த கேள்வி

சாட்ஸ்வொர்த் இளையவன் | ஞாயிறு, இரவு 8:40

எல்லாருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இன்று கோயிலில் பூஜை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது பேச்சு கார் பக்கம் திரும்பியது. அப்பா 2005இல் வாங்கிய டொயோட்டா டாஸ் இன்னும் எங்களிடம் ஓடுகிறது. ஆனால் கிளச் தட்டு மூன்றாவது முறையாகப் போய்விட்டது, இனி செலவு செய்வதில் அர்த்தமில்லை. மூன்று லட்சம் ராண்டுக்குள் புது வண்டி பார்க்கிறேன். சுஸுகி ஸ்விஃப்ட், டொயோட்டா ஸ்டார்லெட், போலோ விவோ மூன்றும் மனதில் இருக்கின்றன.

வரிசையில் நின்ற ஒரு மாமா சொன்னார்: "அவசரப்படாதே. பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு வெளியே வந்த பிறகு அங்கே சைனா கார் மலிவாகக் கிடைக்கிறது. நம் அரசாங்கமும் ஐரோப்பாவோடு போட்ட வணிக ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டால் கார் விலை பாதியாகிவிடும்." சுற்றி நின்றவர்கள் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு மறுக்கவும் தெரியவில்லை, ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

பிரிட்டனில் உண்மையில் என்ன நடந்தது? நம் நாடு விலகினால் என்ன ஆகும்? நான் காத்திருக்கவா, வாங்கவா?


பீனிக்ஸ் பழைய கார் வியாபாரி | ஞாயிறு, இரவு 9:15

தம்பி, காத்திருக்க வேண்டாம். செரி, ஹவால், ஓமோடா என்று சைனா வண்டிகள் டர்பன் சாலைகளில் ஏற்கெனவே நிறைந்து கிடக்கின்றன. அவை எல்லாம் 25 சதவீதச் சுங்க வரி கட்டித்தான் உள்ளே வருகின்றன. எந்த ஒப்பந்தத்தையும் கிழிக்காமலே மலிவு விலை வந்துவிட்டது. மாமா சொன்னது அங்கேயே அடிபட்டுப் போகிறது.


லெஸ்டரில் இருக்கும் டோங்காட் பெண் | திங்கள், காலை 10:05

டோங்காட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். 2014 முதல் இங்கிலாந்தின் லெஸ்டரில் மருத்துவமனை வேலை. பிரிட்டன் விலகியதைக் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் முதல் கேள்விக்கு நானே பதில் எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்ற வாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூன் 23. அன்று இரவு ஒரு பவுண்டுக்கு ஒன்றரை டாலர் என்று இருந்தது. விடிவதற்குள் 1 டாலர் 32 சென்ட் வரை இறங்கிவிட்டது. 30 ஆண்டுகளில் காணாத தாழ்வு. அன்று எந்தச் சட்டமும் மாறவில்லை, எந்த வரியும் ஏறவில்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளின் அடக்க விலையும் ஏறிவிட்டது. பிரிட்டனில் விற்கும் கார்களில் பெரும்பாலானவை இறக்குமதிதான். உள்நாட்டில் கட்டும் காருக்கும் பாதிக்கு மேல் பாகங்கள் வெளியிலிருந்து வருகின்றன. ஆக, விலகுவதற்கு நாலு வருடம் முன்னாலேயே மக்கள் விலை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முறைப்படி விலகியது 2020 ஜனவரி 31. அந்த வருடம் முழுக்கப் பழைய விதிகளே நடந்தன. புது ஒப்பந்தம் கையில் கிடைத்தது டிசம்பர் 24. ஏழே நாளில் அமலுக்கு வர வேண்டும். அது இல்லாமல் போயிருந்தால் கார்களுக்கு இரண்டு பக்கமும் 10 சதவீத வரி விழுந்திருக்கும். கார் கம்பெனிகள் நாலு வருடம் அந்தப் பத்து சதவீதம் வரும், வராது என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தன. புது மாடலை எந்த ஊரில் கட்டுவது என்று பல வருடம் முன்கூட்டி முடிவு செய்கிற தொழில் அது. நாலு வருடச் சந்தேகம் அதற்குப் பெரிய அடி.

2016இல் பிரிட்டன் 17 லட்சத்துக்கும் மேல் கார்களைக் கட்டியது. 2022இல் 7 லட்சத்து 75 ஆயிரம்தான். 1956க்குப் பிறகு அவ்வளவு குறைந்தது அதுவே முதல் முறை. எல்லாவற்றையும் விலகலின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கொரோனா வந்தது, சிப் தட்டுப்பாடு வந்தது, டீசல் காரை ஆட்கள் வெறுத்தார்கள். ஸ்விண்டனில் 2021 ஜூலையில் ஹோண்டா ஆலை மூடியபோதுகூட, உலகச் சந்தை மின் காருக்கு மாறுவதுதான் காரணம், விலகல் அல்ல என்றுதான் கம்பெனி சொன்னது. ஆனால் அதே காலத்தில் ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் தனியாக ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஜப்பானில் கட்டி நேராக ஐரோப்பாவுக்கு அனுப்பினால் வரி படிப்படியாகப் பூஜ்யமாகிறது. அப்படியானால் இங்கே ஒரு ஆலை எதற்கு? சுமார் 3500 பேருக்கு வேலை போனது.

இப்போது உங்கள் மாமா சொன்ன சைனா கார். அதில் ஒரு பாதி உண்மை. சைனாவின் மின் கார்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரில் கூடுதல் வரி போட்டது. கம்பெனியைப் பொறுத்து அது 35 சதவீதம் வரை போகிறது, வழக்கமான 10 சதவீதத்துக்கு மேலே. வெளியே வந்துவிட்ட பிரிட்டன் அதைப் பின்பற்றவில்லை. அதுவும் சேர்ந்து பிஒய்டி, ஜேகூ மாதிரி சைனா வண்டிகள் இங்கே பெருகிவிட்டன. என் தெருவில் 14 வீடுகள். மூன்று வாசலில் சைனா வண்டி நிற்கிறது. ஐந்து வருடம் முன்னால் ஒன்றுகூட இல்லை. வாங்குகிறவர்களுக்குத் தேர்வு கூடியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. கட்டுகிறவர்களுக்கு வேலை குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில் நடக்கிறது.

பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் என்று இங்கே அரசின் கணக்கைச் சரிபார்க்கும் அமைப்பு ஒன்று உண்டு. விலகாமல் இருந்திருந்தால் இருக்க வேண்டிய அளவைவிட நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. அது ஒரே நாளில் வலிப்பதில்லை. சம்பளம் ஏறாமல் நிற்பதில் தெரிகிறது, ஆஸ்பத்திரியில் ஆள் போடாமல் விடுவதில் தெரிகிறது.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம். போன வருடம் ஒரு போலோ வாங்கினேன். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சேசிஸ் எண்ணைப் பார்த்தேன். கட்டிய ஆலையைக் காட்டும் பதினோராவது எழுத்து யூ. யூட்டன்ஹேக், அதாவது இப்போதைய காரியேகா. 2024 நடுவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற போலோ எல்லாம் நம் ஈஸ்டர்ன் கேப்பில்தான் கட்டப்படுகின்றன. லெஸ்டரின் மழையில் நின்று அந்த ஒரு எழுத்தைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.


சாட்ஸ்வொர்த் இளையவன் | திங்கள், மதியம் 1:20

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பிரிட்டன் விலகிய பிறகும் நம் போலோ அங்கே வரியில்லாமல் போகிறதா? நம் ஒப்பந்தம் ஐரோப்பாவோடுதானே இருந்தது?


ஜேக்கப்ஸ் ஏற்றுமதி | திங்கள், மாலை 6:50

இது என் வேலை, அதனால் நானே சொல்கிறேன். ஜேக்கப்ஸில் உதிரிப்பாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறேன்.

நம் நாட்டோடு போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வத்தினி சேர்ந்த சுங்க ஒன்றியமும் மொசாம்பிக்கும் சேர்ந்து பிரிட்டனோடு தனி ஒப்பந்தம் போட்டன. ஐரோப்பாவோடு 2016இல் போட்டதைப் பெரும்பாலும் அப்படியே படியெடுத்த ஒப்பந்தம். 2021 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. அதனால்தான் போலோ இன்றும் அங்கே வரியில்லாமல் இறங்குகிறது.

ஆனால் வரி பூஜ்யம் என்று எழுதியிருப்பது வேறு, பூஜ்யம் வாங்குவது வேறு. இதைத்தான் கோயில் வரிசையில் யாரும் பேசுவதில்லை. ஒரு பொருள் "நம்முடையது" என்று நிரூபித்தால்தான் பூஜ்யம். அதற்கு அதன் மதிப்பில் இவ்வளவு பங்கு இங்கே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கூட்டணிக்குள்ளே இருக்கும்வரை இந்தக் கேள்வியே எழாது. பிரிட்டனில் கட்டும் மினி காரின் கிராங்க் ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் வார்ப்பு, பிரிட்டனில் கடைசல், ஜெர்மனியில் எஞ்சினுக்குள் பொருத்துதல், மறுபடி ஆக்ஸ்ஃபோர்டில் காருக்குள். ஒரே இரும்பு மூன்று தடவை கடலைத் தாண்டியது, யாரும் "நீ எந்த ஊர்?" என்று கேட்கவில்லை. 2021 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள்.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2020 வரை ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் பொருள் எந்த நாட்டுடையது என்று காட்ட ஒரே மாதிரி இயூஆர்.1 சான்றிதழ். பச்சை அலை அலையாகப் பின்னணி அச்சடித்த தாள் அது. 2021 ஜனவரியில் எங்கள் கன்டெய்னர் ஒன்று பிரிட்டன் துறைமுகத்தில் இறங்கியது. டிசம்பரிலேயே நிரப்பிய சரக்கு. யாரோடு உள்ள ஒப்பந்தச் சலுகை என்று எழுதும் கட்டத்தில் பழைய பழக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் என்றே இருந்தது. சரக்கை நிறுத்திவிட்டார்கள். இங்கே திருத்தி, முத்திரை வாங்கி, கூரியரில் அனுப்பி, அவர்கள் ஏற்றுக்கொள்ள 19 நாள் ஆனது. அத்தனை நாளுக்கும் துறைமுக வாடகை. அந்த மாதம் அந்த ஆர்டரில் எங்களுக்கு ஒரு சல்லிக்காசு மிஞ்சவில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை, ஆனால் அடுத்த மூன்று மாதம் ஒவ்வொரு தாளையும் அவரே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

பெரிய கம்பெனிக்கு இதற்கென்று தனி இலாகாவே இருக்கும். எங்கள் மாதிரி 40 பேர் வேலை செய்யும் இடத்துக்கு நான் ஒருத்திதான். விலகலின் செலவு முதலில் வந்து விழுவது இப்படிப்பட்டவர்கள் மேல்.

இன்னும் ஒன்று. மின் காருக்கான பேட்டரி விதி பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே 2024இல் கடுமையாகியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பேட்டரி ஆலை போதவில்லை என்று 2026 இறுதி வரை தள்ளிவைத்தார்கள். விலகி இத்தனை வருடம் ஆகியும் கணக்கு முடிந்தபாடில்லை.


மிட்ராண்ட் கோவைக்காரன் | திங்கள், இரவு 9:30

நான் கோயம்புத்தூரிலிருந்து ஒன்பது வருடம் முன்னால் வேலைக்கு வந்தவன். இங்கே எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். யாரையும் புண்படுத்துவதற்காக அல்ல.

இந்தியாவில் கட்டும் ஸ்விஃப்ட் இங்கே 25 சதவீத வரி கட்டுகிறது. ஜெர்மனியில் கட்டும் கார் 18 சதவீதம்தான் கட்டுகிறது. ஏன்? ஐரோப்பாவோடு ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவோடு இல்லை. துறைமுகத்தில் ஒன்றரை லட்சம் ராண்ட் மதிப்புள்ள சின்னக் காருக்கு இந்த ஏழு சதவீத வித்தியாசம் 10,500 ராண்ட். அதன் மேல் 15 சதவீத வாட் சேர்த்தால் 12,075. ஆடம்பரத் தீர்வையை நான் சேர்க்கவே இல்லை. ஒரு நர்ஸ், ஒரு டீச்சர் முதல் கார் வாங்கும்போது இந்தப் பணத்தைக் கட்டுகிறார். பணக்காரன் ஜெர்மன் வண்டிக்குச் சலுகை வாங்குகிறான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான் இது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். இறக்குமதி வரியை 5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டார்கள். 2016இல் ஃபோர்டு, 2017இல் டொயோட்டாவும் ஹோல்டனும் ஆலையை மூடின. நாடு மூழ்கிவிட்டதா? அங்கே இப்போது கிடைக்கிற அளவு கார் வகை நமக்கு இல்லை.


பிராஸ்பெக்டன் இரவு ஷிப்ட் | செவ்வாய், காலை 7:10

ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். தூக்கம் கண்ணைக் கட்டுகிறது, ஆனால் கோவைத் தம்பிக்குப் பதில் சொல்லாமல் படுக்க முடியாது.

உங்கள் கணக்கு சரி. ஆனால் அதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. இங்கே வாகனம் கட்டுகிற கம்பெனிக்கு, கட்டும் அளவுக்கு ஏற்ப அரசாங்கம் ஒரு வரவுச் சீட்டு தருகிறது. அந்தச் சீட்டை அவர்கள் இறக்குமதி செய்யும் வண்டியின் சுங்க வரியில் கழித்துக்கொள்ளலாம். ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் கொரோலா கிராஸும் டாக்சிக்காரர்கள் ஓட்டும் செஸ்ஃபிகிலேயும் டர்பன் பக்கம் பிராஸ்பெக்டனில் எங்கள் டொயோட்டா ஆலையில் கட்டப்படுகின்றன. இந்தியாவிலிருந்து வரும் ஸ்டார்லெட் அதே கம்பெனியின் வண்டி. இங்கே நாங்கள் போல்ட் முறுக்குவதற்கும் அங்கே ஸ்டார்லெட் விலை சீட்டில் எழுதும் எண்ணுக்கும் தொடர்பு உண்டு. ஆலை போனால் அந்தச் சீட்டும் போகும்.

2023இல் இந்த நாடு சுமார் நாலு லட்சம் வாகனங்களை ஏற்றுமதி செய்தது. கட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு அது. அதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும். ஒப்பந்தத்தைக் கிழித்தால் ஐரோப்பிய வண்டி இங்கே வர 18 என்பது 25 ஆகும், நம் வண்டி அங்கே போக பூஜ்யம் என்பது 10 ஆகும். வாங்குகிறவருக்கும் நஷ்டம், கட்டுகிறவருக்கும் நஷ்டம். அந்த மாமா எந்தக் கணக்கில் விலை பாதியாகும் என்றார் என்று எனக்குப் புரியவில்லை.

ஆலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டோம். 2022 ஏப்ரல் வெள்ளம். ஆலைக்குள் தண்ணீர், சேறு. நாலாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளை உடைத்துப் போட வேண்டியதாயிற்று. முழு வேலை திரும்ப ஆகஸ்ட் வரை ஆனது. சேற்றை வாரி, மோட்டாரைக் கழற்றி, ஒவ்வொரு ஒயரையும் துடைத்துக் காயவைத்தோம். எங்களுக்குச் சம்பளம் ஏதோ ஒரு விதத்தில் வந்தது. ஆனால் பக்கத்து இசிப்பிங்கோ ஊரில் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றி விற்கும் ஒரு அம்மா இருந்தார். தினம் 60 ரொட்டி வாங்குவார். மே மாதம் போய்ப் பார்த்தபோது மேசையில் எட்டு ரொட்டி. மதியம் இரண்டு மணிக்கு அதிலும் மூன்று மிச்சம். பீன்ஸ் கறிச் சட்டி நிறைய இருந்தது. "உங்க ஆளுங்க எப்ப வருவாங்க தம்பி?" என்று கேட்டார். அவருக்குச் சுங்க வரி என்றால் என்னவென்று தெரியாது. இறக்குமதி ஏற்றுமதி தெரியாது. ஆனால் எங்கள் வேலையின் கணக்கு அவர் மேசையில் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் சுரங்கமும் இருக்கிறது, வேலை போனவனுக்கு அரசாங்க உதவியும் இருக்கிறது. இங்கே மூன்று பேரில் ஒருவருக்கு வேலையில்லை. அந்த நாட்டோடு நம்மை ஒப்பிடாதீர்கள்.


மெரீபேங்க் பெரியவர் | செவ்வாய், மாலை 4:00

பிள்ளைகளே, மாலைப் பள்ளியில் படித்த தமிழ். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

எனக்கு 78 வயது. நாற்பது வருடம் மெக்கானிக். நீங்கள் எல்லாரும் பிரிட்டனைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்த நாடே ஒரு தடவை வெளியே போயிருக்கிறது. 1961 மே 31, குடியரசு என்று அறிவித்த அன்றே காமன்வெல்த்திலிருந்து வெளியே. எனக்கு அப்போது 14 வயது. தெருவெல்லாம் ஆஸ்டின், மோரிஸ், ஃபோர்டு ஆங்லியா. எல்லாம் பிரிட்டிஷ் வண்டி. மறுநாள் விடிந்தால் அவை காணாமல் போய்விடவில்லை. பிரிட்டனோடு இருந்த வரிச் சலுகையும் உடனே அறுபடவில்லை. 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தபோதுதான் அது மெல்ல மெல்லப் போனது.

ஆனால் அதே 1961இல் அரசாங்கம் வேறொன்று தொடங்கியது. கார் பாகங்களை உள்நாட்டில் செய்ய வேண்டும் என்ற திட்டம். பாகத்தின் விலையை வைத்து அல்ல, எடையை வைத்துக் கணக்கு. காரின் எடையில் 55 சதவீதம் உள்நாட்டுப் பாகம், எழுபதுகளில் 66. என்ன நடக்கும்? கனமான பாகமெல்லாம் இங்கே செய்தார்கள். எஞ்சின் வார்ப்பு, கதவு, பம்பர். நுணுக்கமான சின்னப் பாகங்கள் வெளியிலிருந்தே வந்தன. ஒரே பிராண்டு கதவை இங்கிலாந்துக் காரிலிருந்தும் உள்ளூர்க் காரிலிருந்தும் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். நம்முடையது கனம். அது உறுதிக்காக என்று விற்றார்கள். என் தோளுக்குத் தெரியும்.

புது அச்சு செய்யப் பணம் அதிகம், விற்கிற எண்ணிக்கை குறைவு. அதனால் பழைய மாடலையே வருடக்கணக்கில் ஓட்டினார்கள். சிட்டி கோல்ஃப் 1984இல் வந்தது. அதற்கு முன்பே ஜெர்மனியில் அந்த உடல் நின்றுவிட்டது. இங்கே 2009 வரை கட்டினார்கள். நல்ல வண்டிதான், நானே நூற்றுக்கணக்கில் பிரித்துக் கோர்த்திருக்கிறேன். ஆனால் மக்கள் அதை வாங்கியது வேறு வழியில்லாமல் என்பதையும் சொல்ல வேண்டும். 1995க்கு முன்னால் இறக்குமதிக் காருக்கு வரி 115 சதவீதம். காரின் விலையைவிட வரி அதிகம். நம் ஆட்கள் ஒரு கிரெசிடாவை இருபது வருடம் வைத்திருந்தார்கள் என்றால் பாசம் மட்டும் காரணம் இல்லை.

வரிச் சுவரை உயர்த்தி வைத்திருந்ததையும் நான் பார்த்தேன், மெல்ல இறக்கியதையும் பார்த்தேன். 1995இல் தொடங்கி 2012க்குள் 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பதினேழு வருடம். ஒரே நாளில் செய்திருந்தால் பிராஸ்பெக்டனில் இன்று பூவரசு மரம்தான் இருந்திருக்கும். இளையவர் யாராவது எதையாவது கிழிக்க வேண்டும் என்று சொன்னால் அந்தப் பதினேழு வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.


வெருலம் ஆசிரியை | செவ்வாய், மாலை 7:25

அய்யா எழுதியதை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். ஒரு சின்னச் சந்தேகம். நாம் இருக்கும் சுங்க ஒன்றியத்தில் எல்லா நாட்டுக்கும் ஒரே வெளி வரி என்கிறார்கள். அப்புறம் எப்படி போட்ஸ்வானாவில் பத்து வருடப் பழைய ஜப்பான் ஹோண்டா ஃபிட் மலிவாக ஓடுகிறது, நமக்கு மட்டும் கிடைப்பதில்லை?


பீனிக்ஸ் பழைய கார் வியாபாரி | செவ்வாய், இரவு 8:10

டீச்சர், நல்ல கேள்வி. வரி ஒன்றுதான், 1910இலிருந்து இருக்கிற பழைய ஒன்றியம் அது. ஆனால் பழைய காரை உள்ளே விடலாமா வேண்டாமா என்பது ஒவ்வொரு நாட்டின் சொந்தச் சட்டம். போட்ஸ்வானா விடுகிறது. நாம் விடுவதில்லை, திரும்பி வரும் குடிமக்கள் மாதிரி சில பேருக்குத் தவிர. டர்பன் துறைமுகத்தில்தான் அந்த ஜப்பான் வண்டிகள் கப்பலிலிருந்து இறங்குகின்றன. நம் கண் முன்னாலேயே வரிசையாக வடக்கே போகின்றன. நாம் தொட முடியாது.

ஆக, கார் தேர்வைக் கூட்டணி மட்டும் முடிவு செய்வதில்லை. கோயில் மாமாவுக்கு மலிவான பழைய கார்தான் வேண்டுமென்றால், அதற்கு எந்தக் கூட்டணியையும் விட்டு வெளியே போக வேண்டாம், உள்நாட்டுச் சட்டத்தை மாற்றினால் போதும். மாற்றினால் போலோ விவோவின் கதி என்ன என்பது வேறு கேள்வி. எல்லை தாண்டித் திருட்டுத்தனமாக வரும் வண்டியை மட்டும் யாரும் வாங்காதீர்கள். பதிவு ஆகாது, இன்சூரன்ஸ் கிடைக்காது, ரோடு பிளாக்கில் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அப்படி வந்து என் கடை வாசலில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.


மிட்ராண்ட் கோவைக்காரன் | செவ்வாய், இரவு 10:45

பிராஸ்பெக்டன் அண்ணா, அந்த ரொட்டி அம்மா கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதவில்லை. ஆஸ்திரேலியா உதாரணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வரவுச் சீட்டு விஷயமும் எனக்குத் தெரியாது.

ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. ஸ்விஃப்ட் வாங்குகிறவர் ஏன் கூடக் கட்ட வேண்டும்? இப்போது யோசித்தால் விடை விலகுவதில் இல்லை, சேருவதில் இருக்கிறது. இந்தியாவுக்கும் இந்தச் சுங்க ஒன்றியத்துக்கும் நடுவே சலுகை ஒப்பந்தப் பேச்சு பல வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அது முடிந்தால் அந்த 12,075 ராண்ட் குறையலாம்.


ஜேக்கப்ஸ் ஏற்றுமதி | புதன், காலை 8:30

சேர்ந்தாலும் யாரோ ஒருவர் விலை கொடுப்பார். இந்தியச் சின்னக் கார் வரி குறைந்தால் நேராக அடிபடுவது காரியேகாவில் கட்டும் போலோ விவோ. அதையும் நாலு வருடம் இழுத்தடித்து ஏழு நாளில் அமலாக்காமல், பெரியவர் சொன்ன மாதிரி வருடக்கணக்கில் இறக்கினால் நான் ஆதரிப்பேன். என் மேசையில் இன்னொரு வகைச் சான்றிதழ் சேரும், பரவாயில்லை.

கூடவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் விலகாவிட்டாலும் மற்றவர்கள் கதவை மூடலாம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீத வரி போட்டது. அதற்கு முன்னால் நம் ஈஸ்டர்ன் கேப்பின் ஈஸ்ட் லண்டன் நகரில் கட்டும் மெர்சிடீஸ் சி-கிளாஸ் அங்கே வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது அவர்கள் தாமாகக் கொடுத்த சலுகை. இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அல்ல. ஒப்பந்தம் என்றால் மாற்ற இரண்டு பேரும் உட்கார வேண்டும். ஈஸ்ட் லண்டனில் எனக்குத் தெரிந்த ஒரு சப்ளையர் பெண், அந்த ஏப்ரலில் போன் செய்து அரை மணி நேரம் பேசினார். பாதி நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.


லெஸ்டரில் இருக்கும் டோங்காட் பெண் | புதன், மதியம் 12:15

இளையவனே, எல்லாரும் நாட்டைப் பற்றிப் பேசி உன் காரை மறந்துவிட்டோம். என்ன முடிவு செய்தாய்?


சாட்ஸ்வொர்த் இளையவன் | புதன், இரவு 7:30

அக்கா, மூன்று நாளாக இதே நினைப்புதான். நேற்று அந்த மாமாவைப் பார்த்து 18, 25, பூஜ்யம், 10 என்ற நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அந்த சைனா வண்டி?" என்றார். அது ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஸ்விஃப்ட் மாதத் தவணை குறைவு, பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது, கோவை அண்ணா சொன்ன வரியைக் கட்டிய பிறகும். விவோ காரியேகாவில் கட்டியது, உதிரிப்பாகம் எந்தத் தெருவிலும் கிடைக்கும். பிராஸ்பெக்டன் அண்ணாவை நினைத்தால் கொரோலா கிராஸ் வாங்க ஆசை, பணம் எட்டவில்லை. அம்மா விவோவில் உட்கார்ந்து பார்த்து, இறங்க ஏறச் சுலபம் என்றார்கள். முழங்கால் வலி அவர்களுக்கு. அதனால் விவோ, பழையது, 2022 மாடல், 48 ஆயிரம் கிலோமீட்டர். பீனிக்ஸ் அண்ணா, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாஸை எடுத்துக்கொண்டு வருகிறேன். கிளச் தாங்கினால்.


மெரீபேங்க் பெரியவர் | புதன், இரவு 8:05

முதல் கியரில் எடுத்து மெதுவாக வா தம்பி, ஏற்றத்தில் நிறுத்தாதே. விவோவின் ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டி மூடியைச் சூடு ஆறிய பிறகு திறந்து பார். தண்ணீர் துரு நிறத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதே, எனக்குப் போன் செய். நானும் வேண்டுமானால் வருகிறேன், சனிக்கிழமை எனக்கு வேலை ஒன்றும் இல்லை.